ஒரே ஜாஸ் ஆல்பம், பல ரீமாஸ்டர்கள்: ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் பழைய சிடி, 1997 சிடி, மோனோ பெட்டியில் வந்தது, தங்கப்பூச்சு சிடி, 45 வேக எல்பி (வினைல் இசைத்தட்டு), சிடியைவிட நுணுக்கமானது என்று விற்கும் 24 பிட் கோப்பு என்று வரிசையாக வந்து நிற்கும். எல்லா அட்டையிலும் அதே நீலப் படம்தான். புதிதாக இதில் இறங்குபவர்கள் இரண்டு பதிப்பை எடுத்து மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு 'இது தெளிவாக இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்கள் காதில் குறையில்லை, வரிசைதான் தவறு. கேட்பது கடைசி வேலைகளில் ஒன்று. அதற்கு முன்னால் கையில் இருப்பது எந்தப் பதிப்பு, எந்த டேப்பிலிருந்து வந்தது, எந்த மிக்ஸ் (வாத்தியங்களின் அளவையும் இடத்தையும் முடிவு செய்து சேர்த்த வடிவம்), சரியான வேகத்தில் ஓடுகிறதா, இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கிறதா என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும், நீங்கள் ரீமாஸ்டரிங்கை, அதாவது பழைய பதிவின் ஒலியைத் திருத்தித் திரும்ப வெளியிடும் வேலையை, ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைத்தான் முக்கிய உதாரணமாக வைத்திருக்கிறேன். ஒப்பிடுவதில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒரே ஆல்பத்தில் இருக்கின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நல்ல ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஆனால் நீங்கள் நெடுநாள் பழகியதாக இருக்க வேண்டும். புது ஹெட்ஃபோனில் ஒப்பிட ஆரம்பித்தால் ஹெட்ஃபோனின் குணம் எது, பதிப்பின் குணம் எது என்று பிரிக்க முடியாது.

சிடியைப் பிழையில்லாமல் கோப்பாக மாற்ற ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, இரண்டும் இலவசம். கேட்க ஃபூபார்2000, அதனுடன் ஏபிஎக்ஸ் ஒப்பீட்டுக்கான (எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுக் கண்டுபிடிக்கும் சோதனை) கூடுதல் நிரல். அலைவடிவம் பார்க்கவும் துண்டு வெட்டவும் ஆடாசிட்டி. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படம் பார்க்க ஸ்பெக். பதிப்புகளை அடையாளம் காண டிஸ்காக்ஸ் தளம். அப்புறம் ஒரு நோட்டு. நோட்டு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், நாலாவது பதிப்புக்கு வரும்போது முதலாவது எப்படி ஒலித்தது என்பது நிச்சயமாக மறந்திருக்கும்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

'எது சிறந்த பதிப்பு?' என்று கேட்டால் பதில் வராது. 'தினமும் ஹெட்ஃபோனில் கேட்க எது?', 'எல்லா டேக்குகளும் (ஒரே பாட்டை ஒவ்வொரு முறை வாசித்துப் பதிந்ததும்) எதில் இருக்கின்றன?', 'முதல் எல்பியில் மக்கள் கேட்டதற்கு மிக நெருக்கமானது எது?' இந்த மூன்றும் தனித்தனிக் கேள்விகள், பெரும்பாலும் மூன்றுக்கும் மூன்று பதில்கள் வரும். நோட்டின் முதல் வரியில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். பின்னால் முடிவெடுக்கும்போது திரும்பிப் பார்க்க அது இருக்கும்.

2. கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

அட்டையில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். 1959 என்று போட்டிருக்கும், அது ஆல்பம் வெளிவந்த ஆண்டு. பார்கோடும் முழுத் தீர்வல்ல, ஒரே பார்கோடில் பல அச்சுகள் வந்திருக்கின்றன, நடுவில் மாஸ்டரிங்கையே மாற்றியும் இருக்கலாம்.

சிடியைத் திருப்பி, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும்தான் மேட்ரிக்ஸ் எண். எல்பியானால் கடைசிப் பாட்டின் பள்ளம் முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் அதே மாதிரிப் பொறிப்பு இருக்கும். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் பழைய எல்பிகளில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரே வெட்டிய தகடு என்றால் அங்கே 'ஆர்விஜி' என்றோ 'வான் கெல்டர்' என்றோ முத்திரை இருக்கும். இந்த எண்ணை டிஸ்காக்ஸில் அந்த ஆல்பத்தின் பதிப்புப் பட்டியலில் போட்டுப் பார்த்தால் உங்கள் பிரதி எந்த வரி என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அதோடு, குறிப்புத்தாளில் மாஸ்டரிங் செய்தவர் பெயரைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். 'டிஜிட்டலி ரீமாஸ்டர்டு' என்ற முத்திரையைவிட அந்தப் பெயர் பலமடங்கு தகவல் தரும். ப்ளூ நோட் சிடிகளை எடுத்துக்கொண்டால், 1980களிலும் 90களிலும் ரான் மெக்மாஸ்டர் செய்தவை, 1990களின் கடைசியில் தொடங்கிய ஆர்விஜி எடிஷன் வரிசையில் வான் கெல்டரே திரும்பச் செய்தவை, எக்ஸ்ஆர்சிடி என்ற உயர்தர சிடி வடிவில் ஆலன் யோஷிடா செய்தவை என்று ஒரே ஆல்பத்துக்கே மூன்று கைகள் இருக்கும். மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் இந்த வேலை கடினம். தலைப்பில் 'ரீமாஸ்டர்' என்று ஒரு சொல் இருக்கும், யார் செய்தது என்பது இருக்காது, ஒரு நாள் சத்தமில்லாமல் கோப்பை மாற்றியும் விடுவார்கள். ஆகவே ஸ்ட்ரீமிங் கோப்பை ஒப்பீட்டின் அளவுகோலாக வைக்காதீர்கள், கையில் அடையாளம் தெரிந்த ஒரு சிடியை அளவுகோலாக வையுங்கள்.

3. டேப், மிக்ஸ், மோனோ, ஸ்டீரியோ: இவற்றைப் பிரித்தெடுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

ரீமாஸ்டர் என்றால் முடிந்துபோன மிக்ஸை எடுத்து அதன் சமநிலை, சத்தம், இரைச்சல் ஆகியவற்றைத் திருத்துவது. ரீமிக்ஸ் என்றால் பல தடங்களாகப் பதிவான மூல டேப்புக்கே போய் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் இடத்தையும் புதிதாக முடிவு செய்வது. மறுவெளியீடுகளின் அட்டையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி விளம்பர வாசகம்தான் இருக்கும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' மூன்று தட டேப்பில் பதிவானது. 1997 சிடிக்காக மார்க் வைல்டர் அந்த மூன்று தடங்களிலிருந்தே புதிதாக மிக்ஸ் செய்தார். அதைப் பழைய சிடியோடு வைத்து 'மாஸ்டரிங் எவ்வளவு மாறியிருக்கிறது பாருங்கள்' என்று சொல்வது தவறு, மாறியது மிக்ஸும்தான்.

மைல்ஸின் 'பிட்ச்சஸ் ப்ரூ' இன்னும் நல்ல உதாரணம். 1969 ஆகஸ்டில் மூன்று நாள் பதிவு செய்ததைத் தயாரிப்பாளர் டியோ மசீரோ வெட்டி ஒட்டி உருவாக்கிய ஆல்பம் அது. எங்கே வெட்டினார், எங்கே எதிரொலி சேர்த்தார் என்பதெல்லாம் அந்தப் படைப்பின் பாகம். 1998இல் வந்த நாலு சிடி பெட்டியில் இருப்பது பல தட டேப்பிலிருந்து திரும்ப உருவாக்கிய ரீமிக்ஸ். அது தெளிவாக ஒலிக்கிறது, வாத்தியங்களைப் பிரித்துக் கேட்க முடிகிறது, ஆனால் 1970இல் வெளிவந்த ஆல்பம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் அதை மட்டும் வைத்திருந்தால் போதாது. இரண்டையும் வைத்திருக்கலாம், 'எது மேல்' என்று ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சில சமயம் மறுவெளியீடு வேறு நிகழ்ச்சியாகவே ஆகிவிடும். ட்யூக் எலிங்டன் 1956 ஜூலை 7 அன்று நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்த கச்சேரிக்கு அதே ஆண்டு எல்பி வந்தது, ஆனால் அதில் கணிசமான பகுதி இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோவில் வாசித்துக் கைதட்டல் சேர்த்தது. பால் கான்ஸால்வெஸ் 27 சுற்று வாசித்த புகழ்பெற்ற சாக்ஸபோன் தனி, மேடையில் இருந்ததுதான், ஆனால் அவர் கொலம்பியா கம்பெனி மைக்கை விட்டுவிட்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்குக்கு நேராக நின்று வாசித்ததால் எல்பியில் தூரத்தில் ஒலித்தது. பின்னாளில் அந்த வானொலி டேப் கிடைத்ததும், இரண்டு மோனோ டேப்புகளையும் சேர்த்து ஸ்டீரியோ போல ஆக்கி, ஃபில் ஷாப் தயாரித்த இரண்டு சிடி முழுத் தொகுப்பு 1999இல் வந்தது. 1956 எல்பியின் மறுபதிப்பையும் இந்த 1999 தொகுப்பையும் வைத்து ஒலித்தரம் பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமே கிடையாது.

வெட்டு ஒட்டுகளையும் கவனியுங்கள். ஜான் கால்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' தலைப்புப் பாட்டில் கென்னி ட்ரூவின் பியானோ தனி வேறொரு டேக்கிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. மாற்று டேக் சேர்த்த பதிப்பில் பியானோ பழக்கமானதாகத் தோன்றினால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

மோனோவும் (ஒரே ஒலித்தடம்) ஸ்டீரியோவும் (இடம், வலம் என்று இரண்டு) தனித்தனி. 1950களின் கடைசியில் வந்த பதிவுகளில் சிலவற்றுக்கு மோனோவுக்கென்று தனி டேப் ஓடியது, சிலவற்றில் ஸ்டீரியோ டேப்பின் இரண்டு பக்கங்களையும் சேர்த்தே மோனோ ஆக்கினார்கள். முதல் வகையில் மோனோ பதிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டாவது வகையில் மோனோ பிரதிக்கு அதிக விலை கொடுப்பதற்கு முன் ஸ்டீரியோ கோப்பை நீங்களே ஆடாசிட்டியில் மோனோவாக்கிக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் ஓர் அட்டவணையாக எழுதுங்கள்: பதிப்பு, மாஸ்டரிங் செய்தவர், டேப், மிக்ஸ், மோனோவா ஸ்டீரியோவா. ஒரே டேப், ஒரே மிக்ஸ் என்று வரும் பதிப்புகளை ஒரு கூட்டமாக்குங்கள். கூட்டத்துக்குள்ளேதான் ஒலித்தர ஒப்பீடு.

4. வேகத்தைச் சரிபாருங்கள்

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் செஷன், அதாவது பதிவு அமர்வு, 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் நடந்தது. 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் கிரீன்' மூன்றும் அன்று பதிவானவை. அன்றைக்கு முதன்மை டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் இயந்திரத்தில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஒலிக்க விட்டால் வேகமும் சுருதியும் ஏறிவிடும். அதனால் எல்பியின் முதல் பக்கம் முழுக்கச் சுருதி சற்றுக் கூடியே பல பத்தாண்டுகள் விற்றது. பாதுகாப்புக்காகக் கூடவே ஓடிய இரண்டாவது இயந்திரம் சரியான வேகத்தில் ஓடியிருந்தது. அந்த டேப்பை வைத்து 1992இல் வந்த தங்கப்பூச்சு மாஸ்டர்சவுண்ட் சிடியில் முதன்முறையாகத் திருத்தினார்கள், 1997 சிடியிலும் திருத்தம் உண்டு.

இது ஏன் ஒப்பீட்டைக் கெடுக்கிறது என்றால், சுருதி கொஞ்சம் கூடினாலே காதுக்கு ஒலி 'பளிச்'சென்று, துடிப்பாகத் தோன்றும். பழைய பதிப்பைக் கேட்டு 'இதில் உயிர் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அந்த உயிரில் ஒரு பங்கு வேகக் கோளாறாக இருக்கலாம். கேட்டுப் பழகிய சுருதியே பிடித்திருப்பதில் தவறில்லை, அதை மாஸ்டரிங்கின் கணக்கில் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

சரிபார்ப்பது எளிது. இரண்டு பதிப்பிலும் தெளிவாகத் தெரியும் ஓர் ஆரம்ப அடியையும் ஒரு கடைசி அடியையும் ஆடாசிட்டியில் குறித்து, நடுவில் உள்ள நேரத்தை அளந்து வகுத்துப் பாருங்கள். பாட்டின் மொத்த நீளத்தை ஒப்பிடாதீர்கள், முன்னும் பின்னும் உள்ள மௌனமும் முடிவில் ஒலி மங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரு சதவீத வேக வித்தியாசம் என்றால் சுருதியில் ஏறத்தாழ 17 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தின் ஆறில் ஒரு பங்கு. வித்தியாசம் இருந்தால் சோதனைக்காக மட்டும் ஒன்றின் வேகத்தை மென்பொருளில் மாற்றி மற்றதோடு பொருத்திக்கொள்ளுங்கள். அதே ஆல்பத்தில் 1959 ஏப்ரல் 22 செஷனில் பதிவான 'ஆல் ப்ளூஸ்', 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' இரண்டுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. அதனால் பழையதையும் புதியதையும் ஒப்பிட முதலில் இரண்டாம் பக்கத்தை எடுப்பது வசதி.

5. கோப்பாக மாற்றுங்கள்

சிடியை இழப்பில்லாத வடிவத்தில், ஃப்ளாக் அல்லது வேவ், எடுங்கள். எம்பி3 வேண்டாம், சிம்பலின் மங்கும் ஒலியில்தான் பெரும்பாலான வித்தியாசம் இருக்கிறது, எம்பி3 முதலில் கைவைப்பதும் அதில்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1980களில் ஜப்பானில் அச்சான சிடிகள் சிலவற்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற முறை உண்டு. உயர் அதிர்வெண்களைத் தூக்கிப் பதிந்துவிட்டு, சிடி ப்ளேயர் அதைத் திரும்ப இறக்கும். கணினியில் கோப்பாக எடுக்கும்போது இந்த இறக்கும் வேலை நடக்காமல் போகலாம். நடக்காவிட்டால் கோப்பு கீச்சென்று, ஒல்லியாக ஒலிக்கும், உச்சியில் ஏறத்தாழ 10 டெசிபல் வரை அதிகம். 'பழைய ஜப்பான் சிடி காதைக் குத்துகிறது' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் ஒவ்வொரு தடத்துக்கும் ப்ரீ-எம்ஃபசிஸ் உண்டா என்று காட்டும் பத்தி இருக்கிறது, பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அதே சிடியை ஒரு சாதாரண சிடி ப்ளேயரில் போட்டுக் கோப்போடு ஒப்பிடுங்கள்.

6. ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

இந்த ஒரு படியைச் செய்தாலே நீங்கள் படித்த பாதி விமர்சனங்களின் முடிவு உங்கள் வீட்டில் மாறிவிடும். இரண்டு பதிப்பில் ஒன்று அரை டெசிபல் கூடுதல் சத்தமாக இருந்தால் காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு', 'நெருக்கம்', 'பாஸ் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும். புது ரீமாஸ்டர்கள் பழைய சிடிகளைவிடப் பல டெசிபல் சத்தமாக இருப்பது சகஜம். சமப்படுத்தாமல் கேட்டால் சத்தமானதுதான் ஜெயிக்கும், ஒவ்வொரு முறையும்.

ஃபூபாரில் ரீப்ளேகெய்ன் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளந்து சமப்படுத்தும் வசதி) கணக்கிட்டுத் தொடங்கலாம், அதோடு நிற்காதீர்கள். முழுப் பாட்டையும் அளந்து எடுக்கும் சராசரி, அமுக்கப்பட்ட பதிப்புக்கும் அமுக்கப்படாததற்கும் ஒரே இடத்தில் ஒரே சத்தம் தராது. நீங்கள் கேட்கப்போகும் முப்பது வினாடித் துண்டை இரண்டு பதிப்பிலிருந்தும் வெட்டி, அந்தத் துண்டின் சராசரி அளவை மட்டும் அளந்து சமப்படுத்துங்கள். வித்தியாசம் 0.2 டெசிபலுக்குள் வர வேண்டும்.

எப்போதும் சத்தமானதைக் குறையுங்கள், மெதுவானதை ஏற்றாதீர்கள். ஏற்றினால் உச்சங்கள் மேல்வரம்பில் மோதி வெட்டுப்படும், அப்புறம் நீங்கள் கேட்கும் கரகரப்பு உங்கள் கைவேலையாக இருக்கும்.

7. எந்த இடங்களைக் கேட்பது

முழு ஆல்பத்தையும் ஓட்டிவிட்டு அடுத்ததை ஓட்டுவது ஒப்பீடு ஆகாது. ஒலியின் நுட்பமான நினைவு சில வினாடிகளுக்கு மேல் காதில் நிற்பதில்லை. துண்டு துண்டாக, உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள்.

'சோ வாட்' ஆரம்பத்தில் பியானோவும் பாஸும் மட்டும் மெதுவாக வரும் பகுதி இரைச்சல் நீக்கத்தைப் பிடிக்க மிகச் சிறந்த இடம். டேப்பின் இயல்பான 'ஸ்ஸ்' பின்னால் சீராக இருக்க வேண்டும். ஸ்வரம் ஒலிக்கும்போது இரைச்சல் எழுந்து, ஸ்வரம் அடங்கும்போது அதுவும் கூடவே அடங்கினால், மென்பொருள் இரைச்சலை அழித்திருக்கிறது, அதோடு பியானோவின் வாலையும் கொஞ்சம் சேர்த்து அழித்திருக்கிறது. இரைச்சல் குறைவு என்பதே தரம் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. பழைய ஜாஸ் பதிவில் இரைச்சல் இருந்தால் அந்த அறையின் காற்றும் இருக்கும். எனக்கு இரைச்சல் இருக்கும் பதிப்புதான் வேண்டும்.

அதே பாட்டில் மைல்ஸின் தனி தொடங்கும் இடத்தில் ஜிம்மி காப் அடிக்கும் சிம்பல் அடியைக் கேளுங்கள். அந்த அடி வெடித்து, விரிந்து, நெடுநேரம் மங்க வேண்டும். லிமிட்டர் (உச்சங்களை அமுக்கி மொத்தச் சத்தத்தைக் கூட்ட உதவும் கருவி) பலமாகப் போட்ட பதிப்பில் அடி தட்டையாக விழும், அடி விழுந்த கணத்தில் பாஸ் சற்று உள்ளே போய்த் திரும்பி வருவதும் தெரியும்.

'ப்ளூ இன் கிரீன்', 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' இரண்டிலும் மைல்ஸ் ட்ரம்பெட்டின் வாயில் ஹார்மன் ம்யூட் என்ற ஒலி அடைப்பானை வைத்து மைக்குக்கு மிக அருகில் வாசிக்கிறார். உயர் பகுதியைத் தூக்கிய மாஸ்டரிங் என்றால் இங்கே ஒலி கம்பியாகக் கீறும். முதல் முறை கேட்கும்போது 'ஆஹா, என்ன தெளிவு' என்று தோன்றி, அரை மணி நேரத்தில் களைப்பு வருவது இந்த வகைப் பதிப்புகளில்தான்.

பால் சேம்பர்ஸின் பாஸைக் கேட்கும்போது 'எவ்வளவு இருக்கிறது' என்று கேட்காதீர்கள், என்ன ஸ்வரம் வாசிக்கிறார் என்று கூடவே முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அங்கே இருப்பது வெறும் கனம்.

கடைசியாக, இரண்டு சாக்ஸபோன்களும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றனவா, எல்லாப் பதிப்பிலும் அதே பக்கத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இடம் வலம் மாறி வந்த மறுபதிப்புகள் உண்டு. மேடையின் அகலத்தையும் இங்கேயே கவனியுங்கள். ஆர்விஜி எடிஷன் சிடிகள் பலவற்றில் ஸ்டீரியோ குறுகி, ஒலி முன்னால் தள்ளி வருவதாக என் காதுக்குப் படுகிறது. வான் கெல்டர் பதிவு செய்தவர் என்பதற்காகவே அந்த வரிசையைக் கேட்காமல் வாங்குபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது: பழைய மெக்மாஸ்டர் சிடி பாதி விலையில் கிடைத்தால் அதையும் எடுத்து வைத்துக் கேளுங்கள்.

8. பெயர் தெரியாமல் கேளுங்கள்

எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரிந்தால் காது விலையையும் சேர்த்துக் கேட்கும். ஃபூபாரின் ஏபிஎக்ஸில் ஒரே துண்டின் இரண்டு கோப்புகளைப் போடுங்கள், ஓடுவது ஏ-வா பி-யா என்று பதினாறு முறை சொல்லுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் வித்தியாசம் உங்களுக்கு உண்மையில் கேட்கிறது. வெறும் ஊகத்தில் அப்படி வர வாய்ப்பு நூற்றில் நாலுக்கும் குறைவு.

வித்தியாசமான மாஸ்டரிங் என்றால் பெரும்பாலும் எளிதாகவே பிடிபடும். பயன் வேறோர் இடத்தில்: ஒரே மாஸ்டரிங்கைச் சாதாரண சிடியாகவும், தனி வகைப் பிளாஸ்டிக்கில் அச்சான ஜப்பான் சிடியாகவும், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாகவும் விற்கும்போது இந்தச் சோதனை உங்கள் பணத்தைக் காப்பாற்றும். ஒரு எச்சரிக்கை, இரண்டு துண்டுகளும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும். கால் வினாடி முன்பின் இருந்தாலும் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், ஒலியை வைத்து அல்ல.

9. எண்கள் எவ்வளவு சொல்லும்

டைனமிக் ரேஞ்ச் அளவு, சுருக்கமாக டிஆர், ஒரே மிக்ஸின் இரண்டு சிடிகளை ஒப்பிடும்போது லிமிட்டர் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதற்கு நல்ல அறிகுறி. அதைத் தாண்டி அதற்கு மதிப்பு குறைவு. எல்பியிலிருந்து எடுத்த கோப்புக்கு டிஆர் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். ஒரே மாஸ்டரிலிருந்து வெட்டிய எல்பிக்கும் அப்படித்தான் காட்டும், தகடு வெட்டுவதிலும் ஊசி படிப்பதிலும் அலையின் கட்டம் (ஃபேஸ்) மாறி உச்சங்கள் உயர்வதுதான் காரணம். 'எல்பி 13, சிடி 10, ஆகவே எல்பியில் லிமிட்டர் இல்லை' என்ற வாதத்தை நம்பாதீர்கள்.

ஸ்பெக்ட்ரம் படத்தில் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடுவேன். மௌனமான இடங்களில் உயர் பகுதி திடீரென்று கறுத்துப்போகிறதா? போனால் இரைச்சல் நீக்கம் நடந்திருக்கிறது. 24 பிட் கோப்பு என்று விற்பதில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல் ஒன்றுமே இல்லையென்றால் அது சிடியையே பெரிதாக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

10. எல்பி மறுபதிப்புகளைத் தனியாக வையுங்கள்

சிடியையும் எல்பியையும் ஒப்பிட்டால் பாதி உங்கள் ஊசியையும் டர்ன்டேபிளையும்தான் ஒப்பிடுகிறீர்கள். எல்பியை எல்பியோடு மட்டும் வையுங்கள், ஒரே ஊசி, ஒரே அமைப்பு, இரண்டையும் கழுவிவிட்டு.

இப்போது கிடைக்கும் வரிசைகளில் அடிப்படை தெரிந்தால் போதும். 2019இல் தொடங்கிய ப்ளூ நோட் டோன் போயட் வரிசையை ஜோ ஹார்லி தயாரிக்க கெவின் கிரே மாஸ்டரிங் செய்கிறார். அதே நிறுவனத்தின் விலை குறைந்த கிளாசிக் வினைல் வரிசையிலும் மாஸ்டரிங் கெவின் கிரேதான், அட்டையும் அச்சிடும் ஆலையும் வேறு. கேட்பதற்கு மட்டும் வாங்குபவர் என்றால் முதலில் கிளாசிக் வினைலில் அந்த ஆல்பம் இருக்கிறதா என்று பாருங்கள். வெர்வ், இம்பல்ஸ் நிறுவனங்களின் ஆல்பங்களுக்கு 2020இல் தொடங்கிய அகூஸ்டிக் சவுண்ட்ஸ் வரிசை, ரிவர்சைட், பிரெஸ்டீஜ் நிறுவனங்களின் ஆல்பங்களுக்கு 2023இல் க்ராஃப்ட் நிறுவனம் திரும்பத் தொடங்கிய ஓஜேசி (ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்) வரிசை.

'முழுக்க அனலாக்' என்ற வாசகத்துக்கு அதிக எடை கொடுக்காதீர்கள். மொபைல் ஃபிடிலிட்டி என்ற மறுவெளியீட்டு நிறுவனத்தின் எல்பிகள் பலவற்றில் நடுவே டிஜிட்டல் நகல் இருந்தது என்று 2022இல் வெளிவந்தது. அதற்கு முன்பு அதே எல்பிகளை அனலாக்கின் உச்சம் என்று பாராட்டியவர்கள் நிறையப் பேர். வாங்கியவர்களுக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செய்முறையின் பெயரை வைத்து ஒலியை ஊகிக்க முடியாது என்பதும் அதில் தெரிந்துபோனது.

இன்னொன்று. ஐரோப்பாவில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிட்டு விற்கலாம். மாஸ்டர் டேப் அந்த நிறுவனங்களிடம் இருக்காது, பழைய சிடியிலிருந்துதான் பெரும்பாலும் எடுப்பார்கள். 180 கிராம் என்று எழுதியிருந்து, மாஸ்டரிங் செய்தவர் பெயரும் டேப் பற்றிய விவரமும் இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

11. பாக்ஸ் செட்டை எடைபோடுவது

பெட்டியை வாங்கும் முன் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: ஏற்கெனவே என்னிடம் இருப்பது, இந்தப் பெட்டியில் மட்டும் இருப்பது, தனியாகவும் கிடைப்பது. எட்டு சிடி பெட்டியில் புதியது ஒன்றரை சிடி அளவுதான் என்று அடிக்கடி தெரியவரும். அந்த ஒன்றரை சிடிக்காகவே வாங்கத் தோன்றினால் வாங்குங்கள், தெரிந்து வாங்குங்கள்.

அடுத்து வரிசையைப் பாருங்கள். இதைப் பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். முழுத் தொகுப்புகள் பாட்டுகளை ஆல்பமாக அடுக்காமல் பதிவான நாள்படி அடுக்கும், ஒரே பாட்டின் மூன்று டேக்குகள் அடுத்தடுத்து வரும். ஆராய்ந்து கேட்பவருக்கு அது வரம், மாலையில் உட்கார்ந்து கேட்பவருக்குத் தொல்லை. அதே அடுக்குமுறை சில இடங்களில் அற்புதமாக வேலை செய்யும். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் ஐந்து செட் (இடைவேளை விட்டு வாசிக்கும் பகுதிகள்) வாசித்தார்கள், பதினோரு நாளில் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது வந்த இரண்டு எல்பிகளில் முதலாவது லஃபாரோவை முன்னிறுத்தித் தொகுத்தது. 2005இல் வந்த மூன்று சிடி தொகுப்பில் அந்த ஒரே நாள் வாசித்த வரிசையிலேயே ஓடுகிறது, மின்தடையால் நடுவில் அறுந்த முதல் 'குளோரியாஸ் ஸ்டெப்' உட்பட. இங்கே நாள்வரிசைதான் அந்தத் தொகுப்பின் மதிப்பே.

தலைப்பையும் அப்படியே நம்பாதீர்கள். முன்னே சொன்ன 1998 பெட்டியின் பெயர் 'முழுமையான பிட்ச்சஸ் ப்ரூ செஷன்கள்' என்ற பொருளில் இருக்கும், ஆனால் உள்ளே 1970 பிப்ரவரி வரையிலான வேறு செஷன்களும் உண்டு. கேட்க வேண்டிய இசைதான், ஆனால் அந்த ஆல்பத்துக்காக வாசித்தது அல்ல.

டேப் காலத்துக்கு முந்தைய இசை என்றால் கணக்கே வேறு. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தன் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களோடு செய்த பதிவுகள் 1925 முதல் 78 வேகத் தட்டுகளாக வந்தவை. அங்கே மாஸ்டரிங் என்பது எவ்வளவு நல்ல தட்டு கிடைத்தது, எந்த அளவு ஊசி போட்டார்கள், எந்த வேகத்தில் ஓட்டினார்கள் என்பதில்தான் தொடங்குகிறது. ஜான் ஆர். டி. டேவிஸ் செய்த ஜேஎஸ்பி நிறுவனத்தின் நாலு சிடி தொகுப்பையும் 2000இல் வந்த கொலம்பியா லெகசி நாலு சிடி பெட்டியையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பெரிய நிறுவனத்திடம் நல்ல மூலம் இருக்கும் என்ற ஊகம் இந்தக் காலத்துப் பதிவுகளுக்குச் செல்லாது, நல்ல தட்டு பெரும்பாலும் சேகரிப்பாளர் வீட்டில்தான் இருக்கும். ஜேஎஸ்பி பெட்டி எளிமையானது, என் தேர்வு அதுதான்.

குறிப்புப் புத்தகத்துக்கும் விலை உண்டு. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் தொடங்கிய மொசைக் நிறுவனத்தின் பெட்டிகளை மக்கள் தேடுவதில் பாதிக் காரணம் உள்ளே இருக்கும் செஷன் விவரங்கள்: நாள், இடம், யார் வாசித்தார்கள், எந்த டேக் எதில் வந்தது. அவை எண்ணிட்ட வரையறுத்த பிரதிகள், தீர்ந்தால் திரும்ப அச்சாகாது, அதனால் யோசிக்கும் நேரம் குறைவு. பழைய பிரதி வாங்கினால் புத்தகம் உள்ளே இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேளுங்கள்.

12. எழுதி வைத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள்

நோட்டில் 'நன்றாக இருக்கிறது', 'சூடாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள். 'மைல்ஸ் தனி தொடங்கும் இடத்தில் சிம்பல் தட்டை', 'ஆரம்பப் பியானோவில் இரைச்சல் ஏறி இறங்குகிறது' என்று இடத்தோடு எழுதுங்கள். நாலு மாதம் கழித்து இன்னொரு பதிப்பு கைக்கு வரும்போது அந்த வரிகளை வைத்து ஒப்பிட முடியும், முதலில் எழுதியதை வைத்து முடியாது.

அப்புறம் ஒப்பீட்டை மூடிவிட்டு, கடைசியில் தேறிய இரண்டு பதிப்பை மட்டும் மாற்றி மாற்றி முழுதாகக் கேளுங்கள், துண்டாக இல்லாமல், சத்தத்தை உங்களுக்கு வசதியான அளவில் வைத்துக்கொண்டு. துண்டுச் சோதனையில் தெரியாத களைப்பு இதில்தான் தெரியும். ஒரு வாரம் கழித்துக் கை தானாக எதை எடுக்கிறது என்று பார்த்து, முதல் வரியில் எழுதிய கேள்வியோடு அது பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பொருந்தினால் மற்றதை விற்றுவிடுங்கள், வேறு மிக்ஸோ மாற்று டேக்கோ உள்ள பதிப்பை மட்டும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.